சிங்கத்துக்குத் தனி வாசல்

2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, எங்கள் உயிரியல் பூங்காவின் புதிய மருத்துவமனை பாதிக் கட்டடமாக நின்றுபோனது. கிழக்குப் பகுதிக்குக் கூரை போட்டாயிற்று. மேற்குப் பகுதி லிண்டல் மட்டத்தைத் தாண்டவில்லை. கம்பி கட்ட வந்திருந்த ஒடிசாத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிவிட்டார்கள். 10ஆம் தேதி ஊரடங்கு வந்தது. 24ஆம் தேதியிலிருந்து தளர்வே இல்லாத ஊரடங்கு. மீதமிருந்த சிமென்ட் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மேஸ்திரியும் ஊர் போய்ச் சேர்ந்தார்.

நான் அங்கே மருத்துவர். கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து வனத்துறைக்கு அயற்பணியில் போனவள். சென்னை வேப்பேரிக் கல்லூரியில் படித்துவிட்டு, மாட்டுக்குச் சினை ஊசி போட்டும், ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தும், நாய்க்கடிக்கு ஓடியும் பழகிய கை இது. பூங்காவுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே ஒன்று விளங்கிவிட்டது. மாடு தன் நோயை மறைக்காது. சிங்கமும் மானும் கடைசி மூச்சுவரை மறைக்கும். காட்டில் நோயைக் காட்டிக்கொண்ட விலங்கு பிழைக்காது என்பதால் வந்த குணம் அது. கூண்டுக்குள் பிறந்த விலங்குக்கும் அந்தக் குணம் அப்படியே இருக்கிறது.

பழைய ஆஸ்பத்திரியைச் சொன்னால்தான் புதியது ஏன் வேண்டியிருந்தது என்று தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறைகள். ஒன்றில் மேசையும் மருந்து அலமாரியும். இன்னொன்றில் ஓர் இரும்புக் கூண்டு. அந்த ஒரே கூண்டில் ஒரு வாரம் சிறுத்தை இருக்கும், அடுத்த வாரம் கடமான் இருக்கும். எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாலும் சிறுத்தையின் மூத்திர வாடை சிமென்ட்டை விட்டுப் போகாது. அந்த வாடையில் கொண்டுவந்து விட்டால் மான் தழையைத் தொடாது, நின்ற இடத்தில் நடுங்கும். மிரட்சியில் முட்டி மோதும் மானுக்குத் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிடித்த சில நாட்களில் மான் செத்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அங்கே கண்ணால் பார்த்தேன். கால் ஒடிந்து வந்த ஒரு வெளிமானுக்குக் கட்டுப் போட்டு, எலும்பு கூடும் என்று நம்பிக்கொண்டிருந்தபோது அது பயத்தாலேயே இறந்தது.

பிணப் பரிசோதனைக்கு அறையே கிடையாது. பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் மேடை. கிழட்டு ஆண்சிங்கம் ஒன்றை அதில் கிடத்தி அறுத்த நாளில், காக்கைகளை விரட்ட ஒருவர் கம்போடு நிற்க வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு காக்கை குடல் துண்டொன்றைக் கவ்விக்கொண்டு மான் கொட்டகைப் பக்கம் பறந்தது. அந்தச் சிங்கம் என்ன நோயில் இறந்தது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் அறுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த நோய், எதுவாக இருந்தாலும், பூங்காவின் மறுமூலைக்குப் போயிருக்கும். பெரிய பூனையினங்களின் உடலைத் தோலும் எலும்பும் மிஞ்சாமல் அதிகாரிகள் முன்னிலையில் எரிக்க வேண்டும் என்பது விதி. விறகு அடுக்கி எரித்து முடிக்க விடிந்துவிட்டது. புகை வாடை போகாத உடுப்போடு உட்கார்ந்துதான் புதிய மருத்துவமனைக்கான முதல் கடிதத்தை எழுதினேன்.

மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் அமைந்தது. அதன் விதிகள் சிகிச்சைப் பிரிவையும், நோயுற்ற விலங்கைத் தனியே வைக்கும் அறையையும், புதிதாக வரும் விலங்கை மற்றவற்றோடு சேர்க்காமல் வைத்துப் பார்க்கும் இடத்தையும், பிணப் பரிசோதனைக்கான வசதியையும் கேட்கின்றன. விதி கேட்பதற்கும் கட்டடம் எழுவதற்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. புலிக்குப் புதிய திடல் திறந்தால் மக்கள் வருவார்கள், குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். மருத்துவமனையை மக்கள் பார்க்கவே கூடாது. பார்க்க முடியாத ஒன்றுக்குப் பணம் கேட்பது எங்கும் கடினம்தான். எங்கள் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் பணம் வந்தது.

வந்த வரைபடம் அழகாகத்தான் இருந்தது. நடுவில் நீண்ட நடை, இருபுறமும் எதிரெதிராக அறைகள், முகப்பில் பெரிய வாசல். மாவட்டத் தலைநகரத்துக் கால்நடை மருத்துவமனையைப் பெரிதாக்கியதுபோல் இருந்தது. வேலை தொடங்கி, கிழக்குப் பக்கம் வேகமாகவே எழுந்தது.

2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில் நாடியா என்ற புலிக்குக் கொரோனா என்று செய்தி வந்தபோது, அது எங்கோ தூரத்தில் நடந்த அதிசயமாகவே பலருக்கும் பட்டது. 2021 மே தொடக்கத்தில் ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் எட்டு ஆசியச் சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. அப்போது எங்களுக்குத் தூக்கம் போனது. பிறகு வண்டலூர் உயிரியல் பூங்கா. மே 26 வாக்கில் அங்கே சில சிங்கங்கள் சாப்பிட மறுத்தன, இருமின. 11 சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்குப் போயின. 9 சிங்கங்களுக்குத் தொற்று. ஜூன் 3ஆம் தேதி நீலா என்ற 9 வயதுப் பெண்சிங்கம் இறந்தது. ஜூன் 16இல் 12 வயது ஆண்சிங்கம் ஒன்றும் போனது. மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த அதே டெல்டா வகைதான் என்று பின்னால் மரபணுப் பகுப்பாய்வில் தெரிந்தது.

எங்கள் கீப்பர்கள் அந்த நாட்களில் பூங்காவுக்குள்ளேயே தங்கினார்கள். வாரத்துக்கு ஓர் அணி. வீட்டிலிருந்து தொற்றைச் சுமந்துகொண்டு கூண்டருகே வரக் கூடாது என்பதற்காக அவர்களே ஒத்துக்கொண்ட ஏற்பாடு. சமையலறைக் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்தார்கள். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும், சிங்கப் பகுதியின் மூத்த கீப்பருக்கு அந்த வாரத்தில் ஊரிலிருந்து ஃபோன் வந்தது. அவருடைய மூத்த சகோதரர் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டார். நான் வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றேன். உடலை யாரும் பார்க்க விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலை வழக்கம்போல இறைச்சியை எடை போட்டார். அவரிடம் நான் என்ன பேசியிருக்க முடியும்? பக்கத்தில் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் என்னைக் கூப்பிட்டவரும் அவரே. "டாக்டரம்மா, பெரியவ நேத்து வச்சதத் தொடவே இல்ல. மோந்து பாத்துட்டுப் போய்ப் படுத்துக்கிச்சு. ராத்திரி ரெண்டு வாட்டி இருமுச்சு." பெரியவள் என்றால் எங்கள் மூத்த பெண்சிங்கம். பூங்காக்களில் பெரிய பூனைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி விடுவோம். அது பட்டினி நாள் இல்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். மூக்கு காய்ந்திருந்தது. விலா எலும்பு வேகமாக ஏறி இறங்கியது. பக்கத்துக் கூண்டில் இன்னும் இரண்டு சிங்கங்கள். நடுவே வெறும் கம்பி.

முதலில் அவளைப் பிரிக்க வேண்டும். எங்கே கொண்டுபோவது? பழைய அறைக்குப் போகும் வழி, மாமிசம் வெட்டும் கொட்டகையை ஒட்டியது. மிச்சமிருந்தது அந்தப் பாதிக் கட்டடம். கிழக்குப் பகுதியின் கடைசி அறைக்குக் கூரை இருந்தது, கதவு இல்லை. பக்கத்துக் கிராமத்து வெல்டர் ஒருவருக்கு இ-பாஸ் வாங்கி வரவழைத்தோம். உடைந்துபோய்க் கிடங்கில் கிடந்த பழைய தூக்குக் கதவுகளை அறுத்து ஒட்டி, ஜெனரேட்டர் வெளிச்சத்தில் ராத்திரியெல்லாம் வேலை செய்து கம்பிக் கதவு போட்டுக் கொடுத்தார் அவர். கூலியைக் கேட்டபோது வெல்டிங் ராடுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மயக்க ஊசி போட எனக்குத் துணிவில்லை. நுரையீரல் கெட்டிருக்கும் விலங்குக்குக் கீட்டமினும் சைலசினும் கொடுத்தால், மயக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். ஸ்க்வீஸ் கூண்டுதான் வழி. ஒரு பக்கத் தடுப்பை மெல்ல உள்ளே நகர்த்தி, விலங்கு திரும்ப முடியாதபடி ஒடுக்கி நிறுத்தும் கூண்டு. பயந்த சிங்கம் அதற்குள் போகாது. அண்ணன் கூண்டின் மறுபக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் ஒரு கோழித் துண்டை வைத்துக்கொண்டு பேசினார். பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். முகக்கவசத்துக்குள்ளிருந்து, குழந்தையைச் சோறுண்ணக் கூப்பிடும் குரலில், வாடி, வாடி என்று. அவள் எழுந்து தள்ளாடி உள்ளே வந்தாள். கம்பி வழியாக வாலை மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். வாலின் ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்தேன். நீளக் குச்சியில் மூக்குச் சளியும் எடுத்தாயிற்று. மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் போபாலுக்குப் புறப்பட்டன.

அன்று மாலையே ரத்தப் பூச்சைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரட்டை இரட்டையாக ஒட்டுண்ணிகள். பேபிசியா. உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 23 சிங்கங்கள் இறந்தபோது, நாய்களிடமிருந்து வரும் டிஸ்டெம்பர் நச்சுயிரியோடு இதுவும் சேர்ந்துதான் தாக்கியிருந்தது. எனவே எனக்கு நிம்மதி வரவில்லை. பேபிசியா இருப்பதால் கொரோனா இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேபிசியாவுக்கு மருந்து தொடங்கினேன். போபாலிலிருந்து முடிவு வரும்வரை அவளைக் கொரோனா நோயாளியாகவே நடத்தினோம்.

அந்த நாட்களில்தான் கட்டடம் தன் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. அண்ணன் காலையில் நல்ல சிங்கங்களைப் பார்த்துவிட்டு அவளிடம் வர வேண்டும். வந்தவர் திரும்ப அதே நடை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். உடுப்பு மாற்ற இடமில்லை. மரத்துக்குப் பின்னால் வாளித் தண்ணீரில் குளித்தார். கூண்டு கழுவிய நீர் அவள் அறையிலிருந்து கிளம்பி மற்ற அறைகளின் முன்னால் ஓடி முகப்பில் போய் வெளியேறியது, ஏனென்றால் கொத்தனார் வரைபடத்தில் இருந்தபடி வாசலைப் பார்த்துத்தான் வாட்டம் கொடுத்திருந்தார். தென்மேற்குக் காற்று அவள் அறையைத் தாண்டி நேராக அடுத்த அறைகளுக்குள் வீசியது. ஜன்னலில் வலை இல்லை. மாட்டு ஈக்கள் மொய்த்தன. 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் அடுத்தடுத்து 12 புலிகள் இறந்ததற்குக் காரணம் டிரிப்பனோசோமா. கடிக்கும் ஈக்கள் பரப்பும் ஒட்டுண்ணி அது. ஒரு கொசுவலைக்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

போபால் முடிவு வந்தது. கொரோனா இல்லை. அண்ணன் முகக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் சகோதரர் இறந்த அன்று அவர் அழுததை நான் பார்க்கவில்லை. அதற்குள் அவள் கல்லீரல் துண்டுகளைத் தின்னத் தொடங்கியிருந்தாள்.

ஊரடங்கு தளர்ந்து பொறியாளர் தளத்துக்கு வந்தபோது, மேற்குப் பகுதி வேலையைத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் தாருங்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையானவர், கேட்டார். வரைபடத்தைப் பற்றி நானே பேசியிருக்கலாம். அண்ணனைப் பேசச் சொன்னேன். அவர் ஒரு செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு சிமென்ட் தரையில் கோடு போட ஆரம்பித்தார். "சார், காலைல நான் இங்க வர்றேன். முதல்ல நல்லா இருக்கறதப் பாக்கணும். அப்புறம் அடிபட்டது. அப்புறம் புதுசா வந்தது. கடைசியாத்தான் சீக்கு. சீக்கப் பாத்துட்டா நான் திரும்பி இந்தப் பக்கம் வரக் கூடாது. அப்படியே குளிச்சிட்டு வெளிய போயிடணும். எனக்கு அந்தக் கடைசில ஒரு வாசல் வேணும். அவளுக்கும் அங்கயே ஒரு வாசல் வேணும். நல்லதுங்க முன்னால அவளத் தூக்கிட்டு வரக் கூடாது." பொறியாளர் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்த்தார். இன்னொரு முறையும் நடந்தார். பிறகு வரைபடத்தை விரித்துப் பேனாவை எடுத்தார்.

ஒரு மருத்துவமனையின் உயிர் அதன் அறுவை மேசையில் இருக்கிறது என்று நானும் நம்பி வந்தவள்தான். எக்ஸ்ரே வேண்டும், மயக்கவாயு இயந்திரம் வேண்டும், எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நோயுள்ளதும் நோயற்றதும் சந்திக்காத பாதை வேண்டும். அன்று செங்கல் துண்டு போட்ட கோடு அதைத்தான் சொன்னது.

திருத்திய மதிப்பீடு மேலே போனது, கேள்விகளோடு கீழே வந்தது. மிருகத்துக்கு எதற்கு மூன்று வாசல் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். மிருகத்தைப் பார்க்கும் மனிதருக்காகவும்தான் என்று பதில் சொன்னேன். யானைக்கு வரும் காசநோயும், குரங்குக்கு வரும் காசநோயும் கூண்டு கழுவுபவரைத் தொற்றும் என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார்கள், சில சாமான்களைக் குறைத்துக்கொண்டு.

கட்டி முடிந்த கட்டடத்தில் எனக்குப் பிடித்தவை எல்லாம் சின்ன விஷயங்கள். தொற்று அறைகள் காற்று வெளியே போகும் பக்கத்தில், தனி வாசலோடு. அவற்றின் கழிவுநீருக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி. மருந்து கலந்த பிறகே வெளியே விடுவோம். மான் பகுதிக்கும் பூனைப் பகுதிக்கும் நடுவே முழுச் சுவர், மான் அறைகளில் கண்ணுக்கு எதுவும் தெரியாதபடி மூங்கில் தட்டி. தரையில் டைல்ஸ் கிடையாது. வழுக்கி விழுந்தால் காட்டுமாட்டின் இடுப்பு எலும்பு போய்விடும், சொரசொரப்பான சிமென்ட்தான் சரி. சுவரும் தரையும் சேரும் மூலைகளை அழுக்கு தங்காமல் வளைத்துப் பூசச் சொன்னோம். கொத்தனார் ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, ஒவ்வோர் அறைக்கும் வாட்டத்தை அதன் பின்சுவரை நோக்கித் திருப்பினார். கூண்டோடு டிராக்டர் பின்னோக்கி வந்து நிற்கும் அளவுக்குக் கதவின் அகலம். நடையின் கடைசியில் கீப்பருக்குக் குளியலறை, வெந்நீரோடு. பிணப் பரிசோதனைக் கூடம் வெகு தூரத்தில், நாலு பக்கமும் சுவரும் வலையுமாக. ஜன்னலுக்கெல்லாம் மெல்லிய கம்பி வலை.

புதுவிலங்குப் பகுதியில் முதலில் வந்து சேர்ந்தவை கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்த நட்சத்திர ஆமைகள். ஒன்றின்மேல் ஒன்றாக டேப் சுற்றிப் பெட்டியில் அடைத்து வந்தவை. தண்ணீர்த் தொட்டியில் இறக்கியதும் வெகுநேரம் குடித்தன. எங்கே பிடித்தவை, என்ன நோயைச் சுமந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாது. பழைய ஆஸ்பத்திரியாக இருந்திருந்தால் அவற்றை மருந்து மேசைக்குக் கீழேதான் வைத்திருப்பேன்.

பெரியவள் அதன் பிறகும் சில வருஷம் இருந்தாள். முதுமையில் சிறுநீரகம் பழுதாகி, அந்தத் தொற்று அறைக்கு எதிர்முனையில் இருந்த உள்நோயாளி அறையில் அமைதியாகப் போனாள். அண்ணன் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். தகவல் சொன்னோம், பஸ் பிடித்து வந்தார். பரிசோதனை முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எரியூட்டும்போது கிட்டே நின்றார்.

இப்போது பல பூங்காக்களில் மருத்துவமனைகள் கட்டவும் பழையவற்றை விரிவாக்கவும் பேசுகிறார்கள். அதற்காக மனம் நிறைந்து மகிழ்கிறேன். கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். டெண்டர் விடும் முன், வரைபடத்தை முழு அளவில் வெறுந்தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போடுங்கள். கூண்டு கழுவும் கீப்பரையும், கழிவு அள்ளும் பணியாளரையும் கூப்பிட்டு, வாளியும் துடைப்பமும் கையில் கொடுத்து, காலை முதல் மாலைவரை அவர்கள் நடக்கும் நடையை அந்தக் கோட்டின்மேல் நடக்கச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்களோ அங்கே கதவை மாற்றுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள்.